கீரை பசியாற்றாது: மலையடிவாரத்தில் சிறு மூட்டையோடு மூன்று நாள்

கேள்வி: தை மாதக் கடைசியில் நானும் இரண்டு நண்பர்களும் ஜவ்வாது மலை அடிவாரத்தில், நண்பரின் பெரியப்பாவுக்குச் சொந்தமான பட்டா நிலத்தில் மூன்று நாள் தங்கப் போகிறோம். கூடாரம், கேஸ் அடுப்பு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அரிவாள், கயிறு, தார்ப்பாய், ஒரு சட்டி மட்டும் கொண்டுபோய், அங்கே கிடைக்கும் கீரை, கிழங்கு, பழங்களை வைத்தே சாப்பிட்டுவிட முடியுமா?

பதில்: கூடாரமும் கேஸ் அடுப்பும் இல்லாமல் தாராளமாக இருக்கலாம். சாப்பாட்டை மட்டும் முழுக்க நிலத்தின் தலையில் கட்டாதீர்கள். விறகு பொறுக்கி, தண்ணீர் சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 2,500 கலோரியாவது தேவை. 100 கிராம் கீரையில் கிடைப்பது 20 முதல் 50 கலோரிதான். நான்கு கிலோ தின்றாலும் கணக்கு நிரம்பாது. அதே 100 கிராம் அரிசி 350 கலோரி தரும், நிலக்கடலை 550க்கு மேல் தரும். மலைவாழ் மக்கள் கீரையை மட்டும் தின்று வாழ்ந்ததில்லை. கிழங்கும் தேனும் சிறுதானியமும்தான் அவர்கள் வயிற்றை நிரப்பின. எந்தக் கொடியின் கிழங்கு எந்த மாதம் முற்றும், எதை எத்தனை முறை வேகவைத்து நீரை வடிக்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. மூன்று நாளில் அது உங்களுக்கு வராது.

ஆகவே மாவுச்சத்தையும் கொழுப்பையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். காய், கீரை, பழம், விறகு, தண்ணீர் ஆகியவை நிலத்திலிருந்து வரட்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சாமை அல்லது அரிசி 300 கிராம், வறுத்த நிலக்கடலை 100, அவல் 100, வெல்லம் 75, எண்ணெய் 20 மில்லி. இதுவே ஏறக்குறைய 2,400 கலோரி. மூன்று நாளைக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். உப்பு, புளி, காய்ந்த மிளகாய் தனி. சாமை ஜவ்வாதிலேயே விளைகிறது. அங்குள்ளவர்களிடமே வாங்கினால் சுமையும் குறையும், எந்தக் கீரை எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆளும் கிடைக்கும்.

தையில் நாட்டு நெல்லியும் இலந்தையும் பழுத்திருக்கும், பனங்கிழங்குக்கும் இதுவே பருவம். ஈரம் மிச்சமிருக்கும் வரப்பிலும் கிணற்றோரத்திலும் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, முடக்கத்தான் கிடைக்கும். வேலியில் கோவைக்காயும் பிரண்டையும் இருக்கும். பிரண்டையைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையலாக்குங்கள். அரைகுறையாக வதக்கினால் அதிலுள்ள ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் பிடுங்கி எடுத்துவிடும்.

காட்டுக்கிழங்கு தோண்டும் ஆசையை விட்டுவிடுங்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை, அதாவது கண்வலிக்கிழங்கை, வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ‘கொஞ்சம் தின்று பார்ப்போம், ஒன்றும் ஆகவில்லையென்றால் மீதியைத் தின்போம்’ என்ற சோதனையும் இங்கே உதவாது, ஏனென்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். குரங்கு தின்றால் மனிதனும் தின்னலாம் என்பதையும் நம்பாதீர்கள். வறண்ட குன்றுகளில் வளரும் ஒடுவன் தழை, பார்க்கச் சாதாரண இலைதான், இதயத்தையே நிறுத்தக்கூடியது. பெயர் சொல்லி, பூவும் இலையும் காட்டி, ‘இதை எங்கள் வீட்டில் சமைப்போம்’ என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னது மட்டும் சட்டிக்குள் போகட்டும். காளான் வேண்டவே வேண்டாம்.

இறைச்சி ஆசை இருந்தால், கிணற்றிலோ குட்டையிலோ உரிமையாளர் சம்மதத்தோடு தூண்டில் போடலாம். உடும்பு, முயல், காட்டுப்பன்றி, கௌதாரி ஆகியவற்றைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை பட்டா நிலத்துக்குள் வந்தாலும் அதே சட்டம்தான். போனதும் பெரியப்பாவோடு எல்லையை ஒருமுறை நடந்து பாருங்கள். எல்லைக்கல்லைத் தாண்டினால் காப்புக்காடாக இருக்கலாம். அங்கே அனுமதியில்லாமல் நுழைவதும் விறகு எடுப்பதும் தவறு.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள். கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் கொஞ்சம் நீர்விட்டு உரைத்து, தண்ணீரை ஊற்றிக் கலக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். கலங்கல் அடியில் படியும். ஆனால் தெளிந்த நீர் என்பதாலேயே அது குடிநீர் ஆகிவிடாது, கிருமி அதிலும் இருக்கும். மேல்நீரை நான்காக மடித்த வேட்டியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். மேட்டில் பூச்சிமருந்து அடித்த வயல் இருந்தால் அதன் வடிகால் நீரைத் தொடாதீர்கள். கொதிக்க வைத்தாலும் மருந்து போகாது.

அடுப்புக்கு மூன்று கல் போதும். ஓடையில் ஊறிக்கிடந்த கல் வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அது வெடித்துச் சிதறும். பலரும் தீ மூட்டத் தோற்பது ஒரே காரணத்தால்தான்: எடுத்தவுடன் தடித்த கட்டையை வைத்துவிடுகிறார்கள். முதலில் தேங்காய் நாருக்குள் ஒரு கற்பூர வில்லை, மேலே ஈர்க்குச்சி அளவுச் சுள்ளி இரண்டு கைப்பிடி. அது பிடித்தபின் விரல் தடிமன், கடைசியாகத்தான் மணிக்கட்டுத் தடிமன். கற்பூரம் சற்று ஈரமானாலும் எரியும் என்பதால் காகிதத்தைவிட அதை நம்பலாம்.

தை முடியும்போது புல் காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து உயிர்களைப் பறித்த தீயும் இப்படிக் காய்ந்த புல்லில் காற்றோடு ஓடியதுதான். அடுப்பைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகு இல்லாமல் மண் தெரியச் செதுக்குங்கள், பக்கத்தில் ஒரு குடம் நீர் வையுங்கள். காற்று வீசினால் அன்று அவலும் வெல்லமும்தான் சாப்பாடு. அணைக்கும்போது நீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

மூவருக்கு 12க்கு 15 அடித் தார்ப்பாய் சரியாக இருக்கும். இரு மரத்துக்கிடையே நெஞ்சு உயரத்தில் கயிற்றை இழுத்துக்கட்டி, தார்ப்பாயைக் கூரைபோல் போடுங்கள். கயிறு வழியே பனிநீர் உள்ளே ஒழுகாமல் இருக்க, தார்ப்பாய்க்கு வெளியே ஒரு சாண் தள்ளி இருபுறமும் துணித்துண்டு கட்டித் தொங்கவிடுங்கள். ஓரத்து வளையம் பிய்ந்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லைத் தார்ப்பாய்க்குள்ளேயே பொதிந்து அதன் கழுத்தில் கயிறு கட்டினால் முன்னைவிட உறுதியாக நிற்கும். முளைக்குச்சியின் தலை தார்ப்பாய்க்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். புற்று, கற்குவியல், மூங்கில் புதர், வறண்ட ஓடைப்படுகை, பட்டுப்போன கிளை உள்ள மரம் ஆகியவற்றின் பக்கத்தில் இடம் பிடிக்காதீர்கள்.

எடை குறைக்கும் வேகத்தில் கொசுவலையை விட்டுவிடாதீர்கள். தரையில் படுப்பவர்களைத் தூக்கத்தில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். பல்தடம் தெரியாது, வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வர வழியில்லை. மீந்த சோற்றைப் படுக்கையருகே கொட்டினால் எலி வரும், எலியைத் தேடி அதுவும் வரும். இருட்டியபின் டார்ச் இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள், காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சுமுறி மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை எது, 108 வண்டி எந்தத் திருப்பம் வரை வரும், சிக்னல் நிலத்தின் எந்த மூலையில் கிடைக்கிறது என்பதை முதல் நாள் பகலிலேயே மூவரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.