ஞாயிறு ஆறு மணிக்கு விட வேண்டிய குழந்தை

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. எட்டு வயது மகள் என்னிடம்தான் இருக்கிறாள். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனி, ஞாயிறு அப்பாவிடம் இருக்கலாம் என்று டிக்ரியில், அதாவது விவாகரத்துத் தீர்ப்பாணையில், உள்ளது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டியவர் ஒன்பது மணிக்கு விடுகிறார். ஹோம்வொர்க் செய்திருக்க மாட்டாள். போன மாதம் பாட்டியின் நேர்த்திக்கடன் என்று பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டு அழைத்து வந்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளி வேன் கட்டணத்தில் பாதி தருவதாக ஒப்புக்கொண்டவர் மூன்று மாதமாகத் தரவில்லை. இனி மகளை அனுப்பாமல் நிறுத்தலாமா? கோர்ட் அவமதிப்பு வழக்கு போடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மூன்று மணி நேரம் தாமதமாக விடுவது தவறுதான். ஆனால் நீங்கள் ஒரு சனிக்கிழமை அனுப்ப மறுத்தால், மறுநாளே டிக்ரியை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். வேன் பணம் வரவில்லை என்பதற்காகவும் நிறுத்த முடியாது. பணம் வேறு, பார்க்கும் உரிமை வேறு. அதேபோல், குழந்தையைக் காட்டவில்லை என்று சொல்லி அவரும் பணத்தை நிறுத்த முடியாது.

அவமதிப்பு வழக்கு இப்போது வேண்டாம். குடும்பநல நீதிமன்றத்தின் உத்தரவை மீறியதற்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உங்களுக்கு அது மதுரைக் கிளை. வேண்டுமென்றே மீறினார் என்று காட்ட வேண்டும். அவர் "கோயம்புத்தூர் ரோட்டில் டிராபிக்" என்று ஒரு வரி சொன்னாலே விஷயம் இழுக்கும். எத்தனை நாள் லீவு போட்டு அலைவீர்கள்?

உங்கள் கடிதத்தோடு வந்த டிக்ரி நகலைப் படித்தேன். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. "மாலை ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டும்" என்று இருக்கிறது. எங்கே, யார், தாமதமானால் என்ன என்று ஒன்றும் இல்லை. பரஸ்பர சம்மத வழக்குகளில் நகை, பணம், வீடு என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். குழந்தைக்கு நாலு வரிதான் இருக்கும். இது வக்கீல் தொழிலில் நாங்கள் செய்யும் குறை, மனம் வருந்தித்தான் சொல்கிறேன்.

நல்ல செய்தி, அந்த நாலு வரியை மாற்றலாம். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 26-இன்படி, விவாகரத்து ஆன பிறகும் குழந்தையின் பொறுப்பு, படிப்பு, பராமரிப்பு பற்றிய உத்தரவை மாற்றச் சொல்லி மனு போடலாம். குழந்தை குறித்த உத்தரவுகள் இயல்பிலேயே தற்காலிகமானவை, சம்மதத்தில் வந்த உத்தரவாக இருந்தாலும் சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குதான் அது.

மனு போடும் முன் ஒரு படி இருக்கிறது. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே ஒரு மனு கொடுத்தால் அவரையும் அழைத்து சமரசம் பேசுவார்கள். ஒத்துவந்ததை இருவரும் கையெழுத்திட்டு, கூட்டு மெமோவாக, அதாவது இருவரும் சேர்ந்து தரும் ஒப்பந்தக் குறிப்பாக, குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மெமோவில் சின்ன விஷயங்களைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஞாயிறு ஒப்படைக்கும் இடம். அரை மணிக்கு மேல் தாமதமானால் ஐந்து மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டும். ஸ்கூல் பையும் கூடப் போகும், ஹோம்வொர்க் அங்கேயே முடியும். மொட்டை, காது குத்து, அறுவை சிகிச்சை, பள்ளி மாற்றம் ஆகியவற்றுக்கு இருவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வேன் கட்டணத்தை இன்ன தேதிக்குள் நேராகப் பள்ளிக் கணக்கிலேயே கட்ட வேண்டும். அவர் கேட்பதையும் சேருங்கள். இடைப்பட்ட நாட்களில் வீடியோ காலில் பேசக் கேட்டால் மறுக்காதீர்கள். குழந்தை தன்னுடன் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி இருக்க வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மொட்டை உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று புரிகிறது. ஆனால் நடந்துமுடிந்த அதற்குத் தண்டனை கேட்டுப் போகாதீர்கள். இனி நடக்காமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

அவர் சமரசத்துக்கு வரவே மாட்டார் என்றால் பிரிவு 26 மனு போடுங்கள். வேன் பாக்கிக்குத் தனியாக நிறைவேற்று மனு, அதாவது உத்தரவில் உள்ளதைச் செய்ய வைக்கச் சொல்லும் மனு. அதுவரை ஒரு நோட்டில் தேதியும் நேரமும் மட்டும் குறித்து வாருங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். குடும்பநல நீதிமன்றம் இவற்றையெல்லாம் பார்க்கும், சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி அங்கே குறைவு.

நான் நடத்திய ஒரு வழக்கில், ஒரு ஜோடி ஸ்கூல் ஷூ யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று இருவரும் வாய்தா வாய்தாவாக நின்றார்கள். முடிவு வருவதற்குள் பையனுக்கு அந்த ஷூ பத்தாமல் போய்விட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இருவர் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தான். அதனால்தான் கேட்கிறேன், "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று மகளிடம் எதையும் சொல்லி அனுப்பாதீர்கள். ஞாயிறு இரவு "அங்க யாரு வந்தாங்க?" என்று விசாரிக்காதீர்கள். வழக்கு வந்தால் நீதிபதி அவளைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசக்கூடும். சொல்லிக்கொடுத்த பேச்சு எது என்று அவர்களுக்குத் தெரியும்.

அவருக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கட்டும்: "பாப்பாவுக்கு திங்கள் காலை ஏழு மணிக்கு வேன். ஞாயிறு ஆறரைக்குள் விட்டால் தூங்க நேரம் இருக்கும். தாமதமானால் ஐந்து மணிக்குச் சொல்லவும்." இதோடு நிறுத்துங்கள், பழைய கணக்கு வேண்டாம்.

முடி வளரும் வரை வகுப்பு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வார். சமரசத்துக்கு நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள், மெமோவை நான் பார்த்துத் தருகிறேன்.