வெள்ளைக்கல் பொறுக்கும் பெண்ணுக்கு எதற்கு நிர்வாக ஒதுக்கீடு?

ஓமலூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணிதம் 68, இயற்பியல் 70, வேதியியல் 72, உயிரியல் 86. பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் மாமா, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் சீட்டுப் பேசி முடித்துவிட்டார். பேருந்துக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். முன்பணம் 25,000 கட்டியாயிற்று. மீதிக்குக் கல்விக்கடன். “பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை எதிர்காலமாச்சே, சரியாகத்தானே செய்கிறோம்?” என்று அந்த அம்மா கடிதத்தில் கேட்கிறார்.

இல்லைங்கம்மா. உங்கள் பயம்தான் சரி.

முதலில் கடனைப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு ஆண்டில் 6 லட்சம் (கட்டிய 25,000-ஐக் கழிக்காமல், முழுத் தொகைக்கே கணக்கு). 11 சதவீத வட்டி என்று வையுங்கள். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலாண்டு வாங்கும் பணத்துக்கு ஐந்தாண்டு, கடைசி ஆண்டுப் பணத்துக்கு இரண்டாண்டு என்று தனிவட்டி போட்டால் 2,31,000 ரூபாய். ஆக 8,31,000-ஐப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 11,450 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 13 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டும். வளாகத் தேர்வில் முதல் வேலை 18,000, 20,000 என்று அமைந்தால் பாதிக்கு மேல் வங்கிக்கே போகும். அரசின் வட்டி மானியம் இருக்கிறதே என்று மாமா சொல்லியிருப்பார். அந்தத் திட்டங்கள் மதிப்பெண் அடிப்படையிலான சேர்க்கையைக் கேட்பவை. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது பிள்ளை. கடிதத்தின் கடைசியில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: “எங்கே போனாலும் கல்லைப் பொறுக்கி வந்து பிஸ்கட் டின்னில் அடைக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு ஊர்ப்பெயர் எழுதுகிறாள்.” கல்லைப் பொறுக்காத குழந்தை கிடையாது. ஆனால் தேதியும் ஊரும் எழுதும் குழந்தை அபூர்வம். அந்தப் பழக்கத்தைத்தான் நிலவியல் துறையில் முதலாண்டு முழுக்கச் சொல்லிக்கொடுத்துப் போராடுகிறார்கள்.

ஆகவே நான் சொல்லும் வழி, சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி, அதாவது நிலவியல். 1857-ல் தொடங்கிய கல்லூரி, இப்போது தன்னாட்சி பெற்றது, பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்லூரி பெரிதானாலும் இந்தத் துறை சின்னது. பி.காம்., கணினி அறிவியல் போல வரிசை கட்டி நிற்கும் பாடமும் இல்லை. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு இருக்கும் அரசுக் கல்லூரிகளே கைவிரல் எண்ணிக்கைதான், சென்னை மாநிலக் கல்லூரி அவற்றில் ஒன்று. ஓமலூர்க்காரர்களுக்கு ஒன்று பேருந்து தூரத்திலேயே இருக்கிறது.

அந்தப் பேருந்து போகும் வழியையும் பாருங்கள். கருப்பூர்ப் பக்கம் தெரியும் வெள்ளை மேடுகளை வெள்ளைக்காரன் ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதி வைத்தான். அங்கே சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. பச்சை கலந்த கரும்பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் மேக்னசைட், நம் ஊர்ப் பேச்சில் வெள்ளைக்கல். எஃகு உலையின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய அதைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். மகளின் டின்னில் நிச்சயம் ஒன்றாவது இருக்கும். ஆய்வகத்தில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் உடனே பொங்கும். மேக்னசைட் சும்மா கிடக்கும், பொடித்துச் சூடுபடுத்தினால்தான் பொங்கும். பார்க்க ஒன்றுபோலிருக்கும் இரண்டு வெள்ளைக் கற்கள். இந்த வித்தியாசத்தைச் சொன்னதும் அவள் முகத்தைக் கவனியுங்கள். எந்தத் திறனறி தேர்வையும்விட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

மதிப்பெண்ணையும் இரண்டு விதமாகக் கூட்டிப் பாருங்கள். பொறியியல் கட்-ஆஃப் கணிதம் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி: 68 + 35 + 36, ஆக 200-க்கு 139. உயிரியலில் வாங்கிய 86 அங்கே செல்லாக்காசு. அரசு கலைக் கல்லூரித் தரவரிசையில் மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடமும் 400-க்குக் கூட்டப்படும். அதில் அவள் 296. அதே பிள்ளை, அதே தேர்வு, இங்கே மட்டும் அவளுக்கு நன்றாக வந்த பாடமும் கணக்கில் வருகிறது. (தமிழ், ஆங்கில இலக்கியம் கேட்பவர்களுக்கு மட்டும் அந்தந்த மொழி மதிப்பெண்ணை வைத்துத் தனிப் பட்டியல்.)

செலவு. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம் என்று சேரும் நாளில் கட்டுவது பெரும்பாலும் சில ஆயிரத்துக்குள் முடியும். பிறகு பருவத்துக்கொரு தேர்வுக் கட்டணம். அரசுக் கல்லூரி மாணவருக்குப் பேருந்து அட்டை இலவசம், தனியாருக்கு அது பாதிக் கட்டணம்தான். புதுமைப் பெண் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. உங்கள் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய், மூன்றாண்டில் 36,000. கட்டுவதைவிட வாங்குவது அதிகம் என்றால் உறவினர்கள் சிரிப்பார்கள், ஆனால் கணக்கு அதுதான். இந்தப் படிப்பில் கையைக் கடிப்பது களப்பயணம். ஆண்டுக்கொரு முறையாவது வெளியூர், சில நாள், சில ஆயிரம். சுத்தியலும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் சொந்தமாக இருந்தால் நல்லது. காம்பஸ் துறையிலேயே இருக்கும், வாங்கத் தேவையில்லை. புதுமைப் பெண் பணத்தை வீட்டுச் செலவில் கரைக்காமல் இதற்கென்று ஒதுக்குங்கள். இதில் மட்டும் நான் கறார்.

அரசுப் பள்ளியிலேயே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் பொறியியல் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அப்போது பணம் ஒரு காரணமாகாது, பிள்ளையின் விருப்பம் மட்டுமே மிஞ்சும். உதவிபெறும் பள்ளிக்கு அந்த ஒதுக்கீடு இல்லை.

இனிச் சேர்க்கை. விண்ணப்பம் முழுக்க இணையத்தில், அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ தளத்தில். மே மாதம் தேர்வு முடிவு வரும்போதே திறந்து மாதக் கடைசிக்குள் மூடிவிடும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். பிழைகள் நடப்பது இங்கேதான். பாடப் பட்டியலில் ஜியாகரபியும் ஜியாலஜியும் அடுத்தடுத்து இருக்கும். தமிழில் குழப்பம் இன்னும் மோசம்: பள்ளியில் புவியியல் என்றால் ஜியாகரபி, அரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’யில் அதே சொல் ஜியாலஜி. பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் தப்பான கட்டத்தைத் தட்டிவிடுவார். உறுதிசெய்யும் முன் ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கைபேசி எண்ணாகக் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவதும் நடக்கிறது. கலந்தாய்வு அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் வரும்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்றோருக்கான சிறப்புப் பிரிவு. பிறகு ஜூனில் பொதுக் கலந்தாய்வு, அந்தந்தக் கல்லூரியிலேயே, நேரில். 60 இடம் உள்ள பாடம் என்றால் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி ஏறத்தாழ 18 பொதுப்பிரிவு, 16 பிற்படுத்தப்பட்டோர், 2 பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், 12 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 9 பட்டியல் சாதி, 2 அருந்ததியர், 1 பழங்குடி. பொதுப்பிரிவு எல்லாச் சமூகத்துக்கும் திறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழைத்த நாளில் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் அத்தனையும் அசலோடு போங்கள். புதுமைப் பெண் பணம் வராமல் நிற்பதற்கு நான் பார்த்த காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காது, அல்லது இனிஷியல் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருக்கும். மே மாதமே சரிசெய்யுங்கள்.

நேரக் கணக்கில் ஒரு கண்ணி. கலைக் கல்லூரிச் சேர்க்கை ஜூனில் சூடாக இருக்கும், பொறியியல் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான் தொடங்கும். “பொறியியலைப் பார்த்துவிட்டு அப்புறம் இங்கே வரலாம்” என்று காத்திருப்பவர்களுக்கு, திரும்பி வரும்போது பிடித்த பாடத்தில் இடம் இருக்காது. முதலில் இங்கே சேருங்கள்.

வகுப்பில் யார் இருப்பார்கள்? பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரிகள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து காலைப் பேருந்தில் வருபவர்கள், தமிழ் வழியில் படித்தவர்கள், பெண்கள் கணிசமாக. மாலையில் ஜவுளிக்கடையிலோ உணவகத்திலோ வேலைக்குப் போகும் பையன்கள். உங்கள் மகள் ஆங்கிலத்துக்குக் கூச வேண்டிய இடம் இல்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜியாலஜியில் சேர்பவர்களில் பலர் அதைக் கேட்டு வந்தவர்கள் இல்லை, கேட்டது கிடைக்காமல் ஒதுங்கியவர்கள். சிலர் ஆகஸ்டுக்குள் வேறு படிப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆர்வத்தோடு வந்தவளுக்கு இதில் லாபமும் உண்டு: நுண்ணோக்கி முன்னால் முண்டியடிக்க வேண்டியிருக்காது, ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அரசுக் கல்லூரிகளில் பொதுவாக உள்ள குறைகளும் இருக்கும். காலிப் பணியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுவார்கள். வளாகத் தேர்வுக்கு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஆங்கிலப் பாடநூல்களை அவளாகத்தான் போராடிப் படிக்க வேண்டும்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தப் படிப்பு சாதாரணப் பட்டம்தான். ஆழ்துளைக் கிணறு, கிரானைட், சுரங்க மாதிரி எடுப்பு என்று சின்னச் சம்பளம். ஐந்தாண்டுப் படிப்பு என்றே நினைத்துத் தொடங்குங்கள். எம்.எஸ்சி.க்குக் கருப்பூரிலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. இன்னும் உயர நினைத்தால் ஜாம், ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு. அதில் ஜியாலஜி தனித்தாள், மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். மூன்றாமாண்டு படிக்கும்போதே எழுதலாம், பெண்களுக்குக் கட்டணம் பாதி. தேறினால் மும்பை, ரூர்க்கி, தன்பாத் என்று ஐஐடிகள். எம்.எஸ்சி. கையில் இருந்தால் யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம், வயது 21 முதல் 32. 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள். குரூப் ‘ஏ’ பணி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. இடங்கள் குறைவு. எழுதும் தகுதி உள்ளவர்களும் குறைவு.

ஒரு நுணுக்கம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பட்டத் தகுதிப் பணி என்றால் பட்டமும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். குரூப் 2-தான் குறி என்று அவள் சொன்னால், ஆங்கில வழியில் சேர்ந்தால் அந்தச் சலுகை போகும் என்பதைத் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

“பெண் பிள்ளை மலை, சுரங்கம் என்று அலைய முடியுமா?” என்று மாமா கேட்கிறாராம். சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற 1952-ஆம் ஆண்டுச் சட்டத் தடையை 2019-லேயே தளர்த்திவிட்டார்கள். தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பகல் நேரத்தில் இறங்க அப்போதே அனுமதி வந்தது. தவிர, நிலவியலாளரின் வேலையில் பெரும்பகுதி வரைபடம், ஆய்வகம், கணினி. மாமாவுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், அந்த 11,450 ரூபாய்த் தவணைக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று மட்டும் கேளுங்கள்.

கட்டிய முன்பணத்தை விட்டுவிடாதீர்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பொறியியல் கல்லூரிகளை முறைப்படுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி. வாய்ப்பேச்சாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். விலகல் கடிதத்தை ரசீது நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

வருகிற வேலை நாள் ஒன்றில் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய், துறையில் கனிம அலமாரியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், சென்ற ஆண்டு களப்பயணம் எங்கே, எத்தனை நாள், ஜாம் எழுதிய சீனியர் யார் என்று நீங்கள் கேளுங்கள். மற்றதை அவள் கேட்பாள். பிஸ்கட் டின்னை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.