ஊசி பின்னால்தான் வரும்

அன்புள்ள ஐயா,

ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்து முடித்தேன். ஒலி அளவு காட்ட, சோவியத் காலத்து ஐஎன்-13 நியான் குழாய்கள் இரண்டை இணையத்தில் வாங்கி முகப்பில் பொருத்தியிருக்கிறேன். பாட்டுக்கு ஏற்ப ஆரஞ்சு ஒளி ஏறி இறங்குவதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் டிரம் அடி விழும்போது பாதிகூட ஏறுவதில்லை. நண்பனின் எல்இடி மீட்டர் பட்டென்று உச்சிக்குப் போகிறது. என்னுடையதை எப்படி வேகமாக்குவது? இதே வகையில் இன்னொரு குழாயான ஐஎன்-9 போட்டால் சரியாகுமா? சர்க்யூட்டும் வீடியோவும் இணைத்திருக்கிறேன். (சோதிக்கும்போது இரண்டு முறை ஷாக் அடித்தது, பழகிவிட்டது!)

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த அடைப்புக்குறி. ஷாக் பழகுகிற விஷயமல்ல. குழாய்க்கு 140 வோல்ட் டிசி கொடுத்திருக்கிறீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அது பவர் சப்ளை கெப்பாசிட்டரில் நிற்கும். குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டு வடியவிடுங்கள். இன்னொரு முறை இதை ஆச்சரியக்குறியோடு எழுதினால் பதில் வராது.

வீடியோவை நாலு முறை பார்த்தேன். எனக்கும் சந்தோஷம்தான். நியானில் மின்னோட்டம் கூடினால் ஒளி பிரகாசமாவதில்லை, குழாய்க்குள் இருக்கும் கம்பியில் இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்கிறது. ஆள் கூடினால் நெருக்கி உட்காராமல் பந்தி நீள்கிற மாதிரி. 4.5 மில்லி ஆம்பியர் வாக்கில் கம்பி நிறைந்துவிடும். இதில் தாமதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் குழாயை மெதுவாக்குவது, பாட்டு சிக்னலை ஒரே திசை மின்சாரமாக்கும் ரெக்டிஃபயருக்குப் பின்னால் இருக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்தான். சர்க்யூட் வரைந்தவர் தெரிந்தேதான், பழைய ஊசி மீட்டர் போல நடக்கட்டும் என்று அவற்றை வைத்திருக்கிறார்.

1939ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வானொலிகளும் சேர்ந்து ஒலி அளவை ஊசியால் காட்டும் வியூ மீட்டருக்கு ஒரு வரையறை கொண்டுவந்தன. அதுவரை ஒரே நிகழ்ச்சிக்கு ஆளுக்கொரு அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிலையான ஒலியைத் திடீரென்று கொடுத்தால் ஊசி 300 மில்லி விநாடியில் 99 சதவீதத்தை எட்ட வேண்டும் என்றார்கள். நீங்கள் குறையாகப் பார்ப்பது அந்த 300ஐத்தான். சுருக்கென்று வந்து போகிற ஒலி, அதன் உச்சத்துக்கு ஏற்ற சத்தமாகக் காதுக்கும் கேட்பதில்லை. ஊசியும் ஏறக்குறைய அப்படித்தான் போகிறது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். அக்கா கல்யாணத்துக்கு ஊசி மீட்டர் வைத்த டெக் ஒன்றை நம்பிக் கொடுத்தனுப்பினார். மேளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி ஜீரோவிலேயே நிற்கும்படி திருகிக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் அருமையாக விழுந்தது. தாலி கட்டும்போது கெட்டிமேளம். ஊசி ஜீரோவைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், சரியாக அந்த இடத்தில் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஊசி சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றேன்.

"தவிலுக்கு ஊசி பின்னாலதாம்ல வரும். மூணு புள்ளி எறக்கி வைக்கணும். அதையே பாத்துட்டு இருந்தியே, மாட்டியிருந்த ஹெட்போன் எதுக்கு?"

வேகமான மீட்டர் இருந்திருந்தால் கெட்டிமேளம் தப்பியிருக்குமே என்பீர்கள். தப்பியிருக்கும். பிபிசிக்காரர்கள் சட்டென்று ஏறி மெல்ல இறங்குகிற பீக் மீட்டர் வைத்துக்கொண்டது அதற்காகத்தான். பதிவு செய்கிறவருக்கு அது வேண்டும். நீங்கள் பதிவா செய்கிறீர்கள்? சோபாவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறீர்கள். உங்கள் ஹாலில் எந்த டேப் கெட்டுப்போகப் போகிறது? நண்பனின் எல்இடி துள்ளினால் துள்ளட்டும். டிரம் அடியை உங்கள் காது கேட்டுவிட்டதல்லவா, குழாயும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டுமா? அந்த கெப்பாசிட்டரில் கை வைக்காதீர்கள்.

மெல்லிய இடங்களில் ஒளி அடியிலேயே கிடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, வீடியோவில் தெரிகிறது. 20 டெசிபல் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு உயரம்தான் மிஞ்சும். அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐஎன்-9 பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வேண்டாம். ஐஎன்-13ல் ஒளியை அடியில் பற்றவைக்க துணைக் கேதோடு என்று தனி மின்முனை ஒன்று இருப்பதால் ஒளி அடியிலிருந்தே கிளம்பும். மற்றதில் அது கிடையாது. சில சமயம் நடுக்கம்பியில் துண்டாகப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும்.