பகலில் அறுந்துபோகும் ஃபஸ் ஒலி: கோளாறு திரான்சிஸ்டரிலா, வெயிலிலா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். திருவிழாக்களில் இசைக்குழுவுடன் கிட்டார் வாசிப்பேன். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற கால்மிதிப் பெட்டியின் பழைய சுற்று வரைபடத்தைப் பார்த்து, இரண்டு ஏசி128 ஜேர்மானியம் திரான்சிஸ்டர்களை வைத்து ஒரு பெடல் செய்தேன். இரவில் லயத்து அறையில் வாசிக்கும்போது அருமையாக இருக்கிறது. பகலில் தகரப் பந்தலின் கீழ் வாசித்தால் சுரம் நீளாமல் அறுந்து அறுந்து போகிறது. கொழும்பிலிருந்து பொருள் எடுத்துக் கொடுக்கும் ஒருவர், "உன்னிடம் இருப்பவை போலி, லண்டன் ஒரிஜினல் சோடி 18,000 ரூபாவுக்குத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. உங்களிடம் இருப்பவை போலி அல்ல என்பதற்கு நீங்கள் எழுதிய குறையே சாட்சி. போலி என்று சந்தையில் வருவது பெரும்பாலும் இலக்கத்தைச் சுரண்டி மாற்றிய சிலிக்கன் திரான்சிஸ்டர். அது குளிரிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒரேமாதிரி நடந்துகொள்ளும். இரவில் ஒரு குணம், பகலில் ஒரு குணம் என்று ஆடுவது ஜேர்மானியத்தின் பிறவிக்குணம்.

வாஷர் தேய்ந்த தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் கசியும். ஜேர்மானியத் திரான்சிஸ்டரும் அப்படித்தான்: நாம் ஒன்றும் கொடுக்காமலேயே அதனூடாகச் சிறிது மின்னோட்டம் கசிந்துகொண்டிருக்கும், வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை கூடும்போதெல்லாம் அந்தக் கசிவு இருமடங்காகும். 1966 இல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸின் சுற்றில் முதல் திரான்சிஸ்டருக்கு 33 கிலோஓம் தடையினூடாகக் கிடைக்கும் மின்னோட்டம் மொத்தமே சுமார் 250 மைக்ரோஆம்பியர்தான். உங்கள் அறையில் இரவு 12 பாகை இருக்கும்போது கசிவு 60 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், பந்தலின் கீழ் 32 பாகையில் அது 240 ஆகிவிடும். இருப்பதையெல்லாம் கசிவே எடுத்துக்கொண்டபின், கிட்டாரின் சொல்லைக் கேட்க அந்தத் திரான்சிஸ்டருக்கு இடம் இல்லை. அதனால் இரண்டாவது திரான்சிஸ்டரும் நிலை தடுமாறுகிறது. ஓங்கி அடித்த சுரம் மட்டும் வெளியே வந்து, அதன் வால் அறுந்துபோவது இதனால்தான்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். பெடலிலிருந்து ஒரு திரான்சிஸ்டரைக் கழற்றுங்கள். எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று அதற்கு மூன்று கால்கள். அதன் எமிட்டரை 9 வோல்ட் பெற்றரியின் நேர் முனையில் இணையுங்கள். கலெக்டரை ஒரு 2.4 கிலோஓம் தடையின் வழியாக எதிர் முனையில் இணைத்து, பேஸ் காலை ஒன்றிலும் தொடாமல் விடுங்கள். இப்போது அந்தத் தடையின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 0.24 வோல்ட் காட்டுவது 100 மைக்ரோஆம்பியர் கசிவுக்குச் சமம். எண் ஓரிடத்தில் நின்றபின், பேஸ் காலில் கைபடாமல், திரான்சிஸ்டரின் உலோக உடலை மட்டும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெதுவாகப் பிடியுங்கள். 0.15 இல் நின்ற எண் 0.18, 0.21 என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். விரலை எடுத்தால் மெல்ல இறங்கும். சிலிக்கனைப் பிடித்தால் மீட்டர் பூச்சியத்தை விட்டு அசையாது. உண்மையைப் பொய்யிலிருந்து பிரிக்க இந்த ஒரு சோதனை போதும். இன்னும் ஐயம் இருந்தால் மீட்டரின் டயோட் நிலையில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே அளந்து பாருங்கள்: ஜேர்மானியம் 0.2 அல்லது 0.3 அளவில் நிற்கும், சிலிக்கன் 0.6 ஐத் தாண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் தரகர்களின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. மல்டிமீட்டரின் முகப்பில் திரான்சிஸ்டரைச் செருகும் ஒரு சிறு வட்டத் துளை இருக்கும். அதில் செருகி, "பார், பெருக்கம் 120, அடுத்தது 122, அச்சொட்டான சோடி" என்று காட்டுவார்கள். பெருக்கம் என்பது, பேஸுக்குக் கொடுத்த மின்னோட்டத்தைத் திரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்பது. ஜேர்மானியத்துக்கு அந்த எண் பொய். மீட்டர் பேஸுக்குக் கொடுப்பது 10 மைக்ரோஆம்பியர் அளவிலான சிறு மின்னோட்டம், கசிந்து வருவதையும் அது பெருக்கம் என்றே எண்ணிக்கொள்கிறது. 300 மைக்ரோஆம்பியர் கசியும் திரான்சிஸ்டருக்கு இதனால் 30 புள்ளி இனாமாகக் கிடைத்துவிடும். கசிவு எவ்வளவு அதிகமோ, பொருள் அவ்வளவு உயர்ந்ததாகத் தோன்றும். அத்தோடு, கொழும்பின் 30 பாகை வெக்கையில் அளந்து சேர்த்த சோடி தலவாக்கலையின் இரவுக் குளிரில் அதே சோடியாக இருக்குமா? கசிவு எத்தனை மைக்ரோஆம்பியர், எந்த வெப்பநிலையில் அளந்தது என்று அந்த மனிதரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். பல வருடங்களுக்கு முன், "ஆஸ்பத்திரிக் கருவியிலிருந்து கழற்றியது" என்று சொல்லி ஒருவர் விற்ற ஆறு திரான்சிஸ்டர்களை, ஒரு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைக் கொடுத்து வாங்கி வந்து சோதித்தேன். ஆறும் சிலிக்கன். மேற்பூச்சில் கீறல் தெரிந்தது, இலக்கம் மட்டும் புத்தம்புதிதாகப் பளபளத்தது. இத்தகைய வியாபாரம் செழிப்பதற்கு வாங்குபவரின் அறியாமை மட்டும் காரணம் அல்ல. பத்து ரூபாப் பொருளை முறையாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் போனால், பொதிக்கும் படிவத்துக்கும் கையாளும் கூலிக்கும் அதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள், ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டியிருக்கிறது. பாடசாலை உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது, நல்லதுதான். ஆனால் என் பட்டறைக்கு வரும் பிள்ளைகள் திரான்சிஸ்டரின் குறியீட்டைத் தூக்கத்திலும் வரைகிறார்கள், சோல்டரிங் அயனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிறார்கள். இடையில் நிற்பவர் பணம் பார்க்காமல் வேறென்ன செய்வார்?

இனி உங்கள் பெடலுக்கு வருவோம். அளக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: இரண்டாவது திரான்சிஸ்டரின் கலெக்டர். மீட்டரின் கறுப்பு முனையைப் பெடலின் உடலிலும் சிவப்பு முனையைக் கலெக்டரிலும் வைத்தால், நன்றாக ஒலிக்கும்போது சுமார் 4.5 வோல்ட், அதாவது பெற்றரியின் பாதி, காட்டும். உங்கள் சுற்றில் அது எதிர்க்குறியோடு வரும், பயப்பட வேண்டாம். பந்தலில் அளந்தால் அது 7 அல்லது 8 ஐ நோக்கி ஏறியிருக்கும். அந்தக் கலெக்டரில் உள்ள 8.2 கிலோஓம் தடையைக் கழற்றிவிட்டு, 2.2 கிலோஓம் தடையொன்றையும் 20 கிலோஓம் ட்ரிம்பொட் (திருப்பி அளவை மாற்றக்கூடிய சிறு தடை) ஒன்றையும் தொடராகப் போடுங்கள். ட்ரிம்பொட் உள்ளே ஒளிந்திருக்காமல், சிறு ஸ்க்ரூ ட்ரைவரால் திருப்பும்படி பெட்டியில் ஒரு துளையிட்டு வையுங்கள். குளிரில் ஒரு பக்கம், வெயிலில் மறுபக்கம் சற்றே திருப்பினால் 4.5 க்குத் திரும்பிவிடும். திரான்சிஸ்டர்களை நேரே பற்றவைக்காமல் சொக்கெட்டில் செருகுவதும் நல்லது. ஜேர்மானியம் அயனின் சூட்டையும் தாங்காது.

மற்ற விதிவிலக்குகளை விட்டுவிடுகிறேன், ஒன்றை மட்டும் விட முடியாது. ஏசி128 பிஎன்பி வகை, அதாவது எமிட்டர் நேர்ப்பக்கமும் கலெக்டர் எதிர்ப்பக்கமும் நிற்க வேண்டியது. பழைய வரைபடத்தின்படி செய்த பெடலில் பெற்றரியின் நேர் முனைதான் உடலோடும் கிட்டார் வயரின் வெளிக்கவசத்தோடும் சேர்ந்திருக்கும். கடையில் வாங்கும் மற்றப் பெடல்கள் ஏறத்தாழ அனைத்திலும் எதிர் முனையே உடலோடு சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அடப்டரிலிருந்து பல வால் கொண்ட வயரால் மின்சாரம் கொடுத்து, இடையில் கிட்டார் வயரையும் செருகினால், அந்த வயரின் கவசமே அடப்டரின் நேரையும் எதிரையும் முட்டவைத்துவிடும். அடப்டர் சுடும், அல்லது அடங்கிப்போகும், முழு வரிசையும் ஊமையாகும். பெடல் எரிந்துவிட்டது என்று எண்ணி எத்தனையோ பேர் நல்ல பெடலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாலும் மற்றதிலிருந்து உண்மையிலேயே தனிமைப்படுத்தப்பட்ட மின்வழங்கி இருந்தால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பெட்டியில் அப்படி எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்: இரு வால்களின் எதிர் முனைகளுக்கிடையே மீட்டரால் தொடர்பு பார்த்தால், தனிமைப்பட்டதில் மீட்டர் கூவாது. நேரை எதிராக்கித் தரும் சிறு ஐசியைப் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். போடலாம், ஆனால் அவற்றுள் சில 10 வோல்ட்டுக்கு மேல் தாங்கா, கையில் அகப்பட்ட 12 வோல்ட் அடப்டரைச் செருகிய அன்றே ஐசி போய்விடும்.

இத்தனை தலைவலி எதற்கு? உங்கள் சுற்று குடிப்பது ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு. நல்ல அல்கலைன் 9 வோல்ட் பெற்றரி ஒன்றே நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும், வாசித்து முடிந்ததும் உள்வரும் ஜாக்கிலிருந்து வயரை உருவிவைத்தால். பெற்றரிக்கு அடப்டரின் 50 ஹேர்ட்ஸ் உறுமலும் இல்லை.

பகல் நிகழ்ச்சிகளே உங்களுக்கு அதிகம் என்றால் சிலிக்கனுக்கு மாறிவிடுங்கள். 1960களின் பிற்பகுதியில் ஃபஸ் ஃபேஸே பிசி108 சிலிக்கனுக்கு மாறியது. கசிவு என்பது அதில் பேச்சுக்கே இல்லை. அது பிஎன்பிக்கு நேர்மாறான என்பிஎன் வகை என்பதால் பெற்றரியையும் மின்பகு கொள்ளளவிகளையும் (எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்) திசை மாற்றிப் போட வேண்டும். உடலோடு எதிர் முனை சேர்வதால் மேலே சொன்ன அடப்டர்ச் சிக்கலும் அத்தோடு தீரும். ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும், சில இடங்களில் வானொலியும் உள்ளே புகும். முதல் திரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 100 பிக்கோஃபரட் அளவில் ஒரு கொள்ளளவியைப் போட்டால் இரண்டும் தணியும். ட்ரிம்பொட் அப்படியே இருக்கட்டும். இந்தத் திரான்சிஸ்டர்களின் விலை ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். ஜேர்மானியச் சோடியைத் தூக்கி எறியாமல் ஒரு மருந்துக் குப்பியில் போட்டு வையுங்கள், சொக்கெட் இருந்தால் மார்கழிக்கு அதை மறுபடி எடுத்து வேறொரு பெட்டியில் செருகலாம்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஜேர்மானியத்தோடுதான் போவீர்கள் என்றால், பெடலை வெயில் படும் இடத்திலும் அம்பிளிஃபயரின் மேலும் வைக்காதீர்கள். பந்தலுக்குப் போனதும் அரை மணி நேரம் அதை அந்தக் காற்றிலேயே கிடக்க விட்டு, சூடு ஏறி நின்றபின் மீட்டரை வைத்து 4.5 க்குத் திருப்புங்கள். வந்து இறங்கிய கையோடு திருப்பினால், இரண்டாம் பாட்டில் மறுபடி அறுந்துபோகும்.