எழுபது வளைவைக் கண்டு பயப்படாதீர்கள்

கேள்வி: ஒரு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். திருச்சியில் வீடு. ஞாயிறு காலையில் முக்கொம்பு, கல்லணை என்று 60, 70 கிலோமீட்டர் சுற்றி வருவேன். எல்லாம் சமதளம்தான். இப்போது மலை ஏற ஆசை வந்திருக்கிறது. கொல்லிமலை போகலாமா என்று கேட்டால், எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், "அங்கே 70 கொண்டை ஊசி வளைவு, தாங்கமாட்டாய். ஏலகிரியில் 14தான், முதலில் அங்கே போ" என்கிறார். சைக்கிளுக்கு ஏற்ற நல்ல மலைச்சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஏலகிரி நல்ல மலைதான். அங்கே போகச் சொன்னதில் தவறில்லை. ஆனால் உங்கள் மூத்தவர் சொன்ன காரணம் தவறு. வளைவுகளை எண்ணி மலையின் கடுமையை அளப்பது சுற்றுலாப் பலகை எழுதுகிறவர்களின் பழக்கம். சைக்கிள்காரர்களுக்கு அது உதவாது.

மலைமேல் நேராகச் சாலை போட்டால் லாரி ஏறாது. அதனால்தான் மடித்து மடித்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு மடிப்பும் சாலையின் நீளத்தைக் கூட்டுகிறது. ஏற வேண்டிய உயரம் மாறாமல் நீளம் மட்டும் கூடினால் ஏற்றம் மிதமாகிறது. ஆக, கொண்டை ஊசி வளைவு என்பது சாலை போட்டவர் உங்கள் முழங்காலுக்குக் காட்டிய கருணை. நான் பயப்படுவது வளைவே இல்லாமல் மலையை நோக்கி நேராக நிமிரும் சாலையைப் பார்த்துத்தான்.

கணக்கு சுலபம். ஏறும் உயரத்தைச் சாலையின் நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். கொல்லிமலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். சராசரி 5 சதவீதத்தை ஒட்டி வரும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிச் சாலையில் வளைவுகள் 36தான், கொல்லிமலையில் பாதி. ஆனால் அதே ஆயிரம் மீட்டரையும் அதற்கு மேலும் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டருக்குள் ஏற வேண்டும். சராசரியே 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஊட்டி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏறும் ஏற்றமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அங்கே இரும்புச் சக்கரம் வழுக்கும் என்று தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் பதித்து, அதைப் பற்களால் பிடித்துக்கொண்டு இன்ஜின் ஏறுகிறது. உங்களுக்குப் பல்சட்டம் கிடையாது, தொடை மட்டும்தான்.

சராசரியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். ஆனால் அந்தச் சாலை கவர்க்கல் பக்கம் உச்சிக்குப் போய்விட்டு வால்பாறைக்குள் இறங்குகிறது. ஆழியாறு உயரத்தையும் வால்பாறை உயரத்தையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், சாது மாதிரி தெரியும். அதனால் ஸ்ட்ராவா, ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகளில் பாதையை வரைந்து, பாதை ஏறி இறங்குவதைக் காட்டும் உயரக்கோட்டை ஒவ்வொரு கிலோமீட்டராகப் பாருங்கள். திடீரென்று 25 சதவீதம் என்று ஒரு முள் தெரிந்தால் பதற வேண்டாம். சாலை பாறைச் சரிவை ஒட்டிப் போகும் இடங்களில் செயலி பாறையின் உயரத்தைச் சாலையின் உயரமாக எடுத்துக்கொள்வதுண்டு. அதே மலையில் மற்றவர்கள் எடுத்த நேரங்களையும் பாருங்கள். பட்டியலில் முதல் பத்துப் பேரை விட்டுவிடுங்கள், அவர்கள் வேறு ஜாதி. நடுவில் இருக்கும் ஆட்கள்தான் நீங்களும் நானும்.

செயலி வேண்டாம் என்றால் சர்வே ஆஃப் இந்தியா வரைபடம் இருக்கிறது. 1:50,000 அளவு வரைபடத்தில் சமதளத்திலும் சாதாரண மலைகளிலும் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அந்த இரண்டு சென்டிமீட்டரில் சாலை எத்தனை கோடுகளைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று என்றால் 6 சதவீதம். நான் இன்னமும் இப்படித்தான் பார்க்கிறேன். பழைய ஆள், வேறென்ன சொல்ல.

அடுத்தது, அந்தச் சாலையில் உங்களோடு யார் வருகிறார்கள் என்பது. இதை எந்த உயரக்கோடும் காட்டாது. முதல் தடவை ஏற்காட்டுக்கு நான் போனது மே மாத ஞாயிற்றுக்கிழமை. சேலத்திலிருந்து ஏறும் பிரதானச் சாலையில் 20 வளைவுகள், மிக அழகாகப் போட்ட ஏற்றம். ஆனால் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. முன்னால் போன வேன்களின் டீசல் புகையும், பத்து மணி வெயிலும், பாதி வழியில் காலியான பாட்டிலும்தான் நினைவிருக்கிறது. அதே சாலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஏறியபோதுதான் ஏற்காடு என்ன என்று தெரிந்தது. கூட்டம் பிடிக்காதவர்கள் குப்பனூர் வழியாகவும் ஏறலாம். வண்டிகள் குறைவு, ஏற்றம் கூடுதல்.

ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு வழி. குன்னூர் வழியில் பேருந்தும் லாரியும் நெரிக்கும். கோத்தகிரி வழியே என் ஓட்டு. ஆனால் கோடை சீசனில், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போக்குவரத்தை ஒருவழியாக மாற்றுவதுண்டு. அந்த நாட்களில் அங்கே ஏறினால் மொத்த ஊட்டிக் கூட்டமும் உங்கள் எதிரே இறங்கும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தச் சரிவில் மண்சரிவு பயம். ஜனவரி முதல் மார்ச் பாதி வரை அருமை. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதானால், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காருக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்.

சரி, திருச்சிக்காரர் எங்கே தொடங்குவது? ஏலகிரிக்கு அவ்வளவு தூரம் எதற்கு? துறையூர்ப் பக்கம் பச்சைமலை இருக்கிறது. சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுங்கள். சின்ன மலை, கூட்டம் இல்லை. உங்கள் கால் என்ன சொல்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். இரண்டு முறை ஏறியபின் கொல்லிமலை. வேகத்தைப் பார்க்காதீர்கள், மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். சமதளத்தில் ஓட்டிப் பழகிய ஒருவர் மணிக்கு 500 மீட்டர் ஏறினால் நன்றாகவே ஏறுகிறார் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் கொல்லிமலைக்கு இரண்டு மணி நேரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர், அதாவது நிற்காமல் மிதித்தாலே நான்கு மணி நேரம். கோத்தகிரி வழியில் நடுவே இறங்கி ஏறுவது தனி. அதை இந்த வருடம் யோசிக்காதீர்கள்.

கிளம்புமுன் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். பல் கூடினால் ஏற்றத்தில் மிதிப்பது இலகு. 28 இருந்தால் 32 அல்லது 34 போட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இதில் மானம் பார்க்க ஒன்றுமில்லை.

வளைவுகளில் ஒரு நுணுக்கம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு நம் பங்குக்கு வருகிறது. வளைவிலேயே செங்குத்தான இடம் அதுதான். அதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வலது வளைவில் வெளிவிளிம்பு நமக்கு. அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலிருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள். பேருந்துக்கு முழு அகலமும் வேண்டும். விதிப்படி ஏறுகிறவருக்குத்தான் முன்னுரிமை, ஆனால் அது உங்கள் எலும்புக்குத் தெரியாது.

இறங்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே வராதீர்கள். சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். நேரான இடத்தில் ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விடுங்கள். எழுபது வளைவிலும் இப்படித்தான். கை வலித்தால் நின்று காட்டைப் பாருங்கள்.

அப்புறம் கல்லட்டி. எப்படியும் அதைப் பற்றிக் கேட்பீர்கள். அது முதுமலைக் காட்டை ஒட்டிய சாலை. விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் யானை நிற்கும். கார்களே கவிழும் இறக்கம், வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. நன்றாக வெளிச்சம் வந்தபின், துணையோடு, ஏற மட்டும் போங்கள். இறங்குவதற்கு வேறு சாலை. கோத்தகிரியை ஒருமுறை காலை ஊன்றாமல் ஏறிவிட்டு எனக்கு எழுதுங்கள், மீதியை அப்போது பேசலாம்.