ஒற்றை நட்சத்திரம் விழுந்த மறுநாள்: சிறு தொழில் செய்வோரின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் 18 அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். கூகுள் மேப்பில் எங்கள் விடுதிக்கு வந்த விமர்சனங்கள் ஒவ்வொன்றையும் நானே படித்து, நானே பதில் எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் பலரும் மோசமான விமர்சனங்களால் வந்த சிக்கல்களுடன் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டே இங்குள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல், மெஸ் உரிமையாளர்): ஐயா, எங்கள் மெஸ்ஸுக்கு ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தைகூட எழுதாமல் போய்விட்டார். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு இந்த ஸ்டார் எல்லாம் உண்மையிலேயே பாதிப்பை உண்டாக்குமா?

பதில்: உண்டாக்கும். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், வாடிக்கையாளர்கள் விமர்சனம் எழுதும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதாகக் கண்டார். அந்த விளைவு தனி உணவகங்களில்தான் தெரிந்தது. பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களில் தெரியவில்லை. பெரிய நிறுவனத்தின் பெயரை எல்லோரும் முன்பே அறிந்திருக்கிறார்கள், நம் கடையையோ வெளியூரிலிருந்து வருபவர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அறிகிறார் என்பதே இதற்குக் காரணம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் சொல் எதுவும் இல்லாத ஒற்றை நட்சத்திரத்துக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. "வணக்கம், என்ன குறை என்று தெரிந்தால் சரிசெய்ய விரும்புகிறோம், மெஸ்ஸுக்கு நேரில் வந்தோ தொலைபேசியிலோ சொல்லுங்கள்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுப்பைக் கவனியுங்கள்.

கேள்வி (சென்னை, வீட்டிலிருந்தே ஆரி வேலைப்பாடு பிளவுஸ் தைப்பவர்): ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியில் பிளவுஸ் கொடுக்க முடியவில்லை. அவர் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் "ஏமாற்றுக்காரி" என்ற சொல்லைப் போட்டுவிட்டார். அந்தச் சொல்தான் மனத்தைக் குத்துகிறது. எப்படிப் பதில் எழுதுவது?

பதில்: அம்மா, இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எங்கள் விடுதியைப் பற்றி, "வெந்நீர் உண்டு என்று பொய் சொல்கிறார்கள்" என்று எழுதினார். சூரிய வெந்நீர்க் கலத்துக்கு நான் பெரும் தொகை செலவிட்டிருந்தேன்; 'பொய்' என்ற சொல்லைக் கண்டதும் கை நடுங்க, "எங்கள் விடுதியில் 24 மணி நேரமும் வெந்நீர் உண்டு, நீங்கள் சொல்வதுதான் பொய்" என்று எழுதிவிட்டேன். மறுநாள் வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் எந்த அறையில் தங்கினார் என்று பார்த்தேன். மூன்றாம் மாடியின் கடைசி அறை. விடியற்காலை 5 மணிக்கு நானே அங்கு போய்க் குழாயைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயில் தேங்கியிருந்த குளிர்ந்த நீர் எல்லாம் வடிந்து வெந்நீர் வருவதற்கு ஏழு நிமிடம் ஆனது. எங்கள் ஊருக்கு நவக்கிரகக் கோயில்களைத் தரிசிக்க வருபவர்கள், நண்பகலில் நடை சாத்துவதற்குள் முடிந்த அளவு பார்த்துவிட வேண்டும் என்று இருட்டிலேயே புறப்படுபவர்கள். அந்த அவசரத்தில் ஏழு நிமிடம் குளிர்ந்த நீரைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. நான் எழுதிய பதிலை அழித்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுதி, மன்னிப்புக் கேட்டேன். அந்த வரிசை அறைகளுக்குத் தனி ஹீட்டர் பொருத்தினேன்.

அதிலிருந்து ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். பதில் எழுதுவதற்கு முன் பில் புத்தகத்தையோ ஆர்டர் நோட்டையோ திறந்து, அந்த நாளைத் தேடி எடுத்துவிடுவேன். அன்று என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்னால் எழுதும் எந்தப் பதிலும் கோபத்தின் பதிலாகத்தான் இருக்கும்.

உங்கள் ஆர்டர் நோட்டிலும் அந்தத் தேதிகள் இருக்கும். அவற்றை வைத்தே எழுதுங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். 12-ஆம் தேதி தருவதாகச் சொன்ன பிளவுஸை 15-ஆம் தேதிதான் கொடுத்தேன். அதனால் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் வேறு பிளவுஸ் அணிய நேர்ந்தது; அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. முகூர்த்த மாதத்தில் என்னால் முடிந்ததற்கு மேல் ஆர்டர் எடுத்தது என் தவறு. இப்போது வாரத்துக்கு இத்தனை பிளவுஸ் என்று வரையறுத்துக்கொண்டுதான் ஆர்டர் எடுக்கிறேன்." இதில் 'ஏமாற்றுக்காரி' என்ற சொல்லுக்கு மறுப்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லை நீங்கள் திரும்ப எழுதினால் படிப்பவர் அதை இரண்டாம் முறை படிக்கிறார். தேதியை ஒளிக்காமல் சொல்லும் ஒருவரை ஏமாற்றுக்காரி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசி வரியில் சொன்னதை உண்மையிலேயே செய்யாவிட்டால் அதை எழுத வேண்டாம்.

நீங்கள் பதில் எழுதியதும் அவருக்கு கூகுளிலிருந்து தகவல் போகும். அவர் விரும்பினால் தம் விமர்சனத்தைத் திருத்தவும் முடியும். ஆனால் "ஸ்டாரை மாற்றுங்கள்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள்.

கேள்வி (மதுரை, பேக்கரி): எதிர்க் கடைக்காரரின் உறவினர் எங்கள் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை, ஆனால் கேக் கெட்டுப்போயிருந்தது என்று எழுதியிருக்கிறார். இதை நீக்க முடியுமா?

பதில்: முயன்று பார்க்கலாம். விமர்சனம் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவோ, நடந்ததைப் பற்றி நமக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதற்காகவோ கூகுள் எதையும் நீக்குவதில்லை. போட்டியாளர் எழுதுவது, வாராத ஒருவர் வந்ததாக எழுதுவது, வசைச்சொல், தனிநபர் விவரங்களை வெளியிடுவது போன்றவை அதன் விதிகளுக்கு முரணானவை. அந்த விமர்சனத்தின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் செய்து, பொருத்தமான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். முடிவு உங்களுக்கு எதிராக இருந்தால் மேல்முறையீடு செய்ய ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, ஆகவே சான்றுகளைத் திரட்டிக்கொண்ட பிறகே அதைப் பயன்படுத்துங்கள்.

இதற்கிடையில் "நீ யார் என்று எங்களுக்குத் தெரியும்" என்று பதில் எழுதிவிடாதீர்கள். உங்கள் ஊகம் தவறாகவும் இருக்கலாம். சரியாகவே இருந்தாலும், அதைப் படிக்கும் புதியவருக்கு இரண்டு கடைகளின் சண்டைதான் தெரியும். "இந்தத் தேதியில் இந்தப் பெயரில் எங்கள் பில்லில் பதிவு இல்லை, பில் இருந்தால் தயவுசெய்து காட்டுங்கள், கேக்குக்குரிய தொகையைத் திருப்பித் தருகிறோம்" என்பது போதும்.

கேள்வி (கோவை, டிஜிட்டல் பிரிண்டிங்): பணம் கொடுத்தால் 100 ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மோசமான ஒரு ரிவ்யூவைக் கீழே தள்ள வேறு வழியும் தெரியவில்லை. செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது, ஏனெனில் இதிலுள்ள கணக்கு கொடுமையானது. 20 பேர் விமர்சனம் எழுதி உங்கள் மதிப்பு 4.8 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால் அது 4.6-க்கு இறங்கிவிடும். மீண்டும் 4.8-ஐத் தொட ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் 19 பேர் வேண்டும். அந்த 19 பேரை விலைக்கு வாங்கும் ஆசை அதனால்தான் வருகிறது.

ஆனால் விற்பவரே வாடிக்கையாளர் வேடத்தில் விமர்சனம் எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது; காசுக்கு எழுதப்படும் விமர்சனங்களைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. கூகுளின் விதிகளும் இதை ஏற்பதில்லை. "ஐந்து ஸ்டார் போட்டால் 10 சதவீதம் தள்ளுபடி" என்பதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து விமர்சனம் கேட்பதும்கூட விதிமீறல்தான்.

கேட்கலாம், எல்லோரிடமும் கேட்கலாம். பில்லின் அடியில் க்யூ.ஆர். குறியீடு அச்சிடுங்கள், அச்சுத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அது செலவே இல்லை. விசிட்டிங் கார்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து ஒருவர் முகம் மலரும் அந்த நொடியில், "இரண்டு வரி எழுதிவிடுங்கள் சார்" என்று சொல்லுங்கள். முகம் மலராதவரிடமும் அதையே சொல்லுங்கள். 19 பேர் சேரச் சில மாதங்கள் ஆகலாம், ஆனால் சேர்ந்தவை நிலைக்கும்.

கேள்வி (தஞ்சாவூர், பல் மருத்துவர்): சிகிச்சைக்கு வந்த ஒருவர் தவறான தகவலை எழுதியிருக்கிறார். எக்ஸ்ரேயும் கேஸ் ஷீட்டும் என்னிடம் உள்ளன. அவற்றை வெளியிட்டு உண்மையை விளக்கலாமா?

பதில்: கூடாது, டாக்டர். உண்மை உங்கள் பக்கம் முழுமையாக இருந்தாலும் நோயாளியின் விவரம் அவருடையது. அவர் உங்களிடம் சிகிச்சை பெற்றார் என்பதைக்கூட உங்கள் பதில் உறுதிப்படுத்தக் கூடாது என்பது என் கருத்து. "நோயாளிகள் பற்றிய விவரங்களை நாங்கள் பொதுவெளியில் பேசுவதில்லை, மருத்துவமனைக்கு வந்தால் நேரம் ஒதுக்கி விளக்குகிறோம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி, பிரியாணிக் கடை): "ஐயாயிரம் ரூபாய் அனுப்பு, இல்லாவிட்டால் இருபது பேரை வைத்து ஒரு ஸ்டார் போடுவேன்" என்று வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதமும் வருவார். இது விமர்சனமே அன்று, பணப்பறிப்பு. இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் வரும் குற்றம். செய்தியை அழிக்காமல், எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ உங்கள் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ புகார் கொடுங்கள். அந்த ஒரு ஸ்டார்கள் உண்மையிலேயே விழுந்தால், ஒவ்வொன்றையும் கூகுளிடம் புகார் செய்யுங்கள்.

கேள்வி (ஈரோடு, ஜவுளி): பொய்யாக எழுதியவர் மீது அவதூறு வழக்குப் போடலாமா?

பதில்: போட வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அதற்குரியது. பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவரிடம் முறையிட வேண்டும். பொதுநலனுக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறு ஆகாது என்பதை மறக்க வேண்டாம். "இணையத்தில் திட்டினாலே கைது" என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. துணி சாயம் போகிறது என்று எழுதியவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், அந்த நோட்டீஸின் படத்தையும் அவர் பதிவேற்றுவார். திட்டமிட்ட தொடர் அவதூறுக்கு மட்டும் வழக்கறிஞரை நாடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், ஹோம் ஸ்டே): ஆங்கிலத்தில் பதில் எழுதத் தெரியாது. எழுதாமலே விட்டுவிடலாமா?

பதில்: தமிழிலேயே எழுதுங்கள், படிப்பவர் கைபேசியிலேயே மொழிபெயர்த்துக்கொள்வார். எழுதாமல் மட்டும் விடாதீர்கள். டெக்சாஸ் மாநில ஓட்டல்களை ஆராய்ந்த ஒரு ஆய்வில், பதில் எழுதத் தொடங்கிய ஓட்டல்களுக்கு வந்த விமர்சனங்கள் 12 சதவீதம் கூடின, சராசரி மதிப்பும் 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. குறை சொன்னவை எண்ணிக்கையில் குறைந்து, நீளத்தில் கூடின. உரிமையாளர் படிக்கிறார் என்று தெரிந்தால் மனிதர்கள் வசைபாடுவதை விட்டு விவரமாகக் குறை சொல்கிறார்கள் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (காரைக்குடி, செட்டிநாட்டு உணவகம்): எங்களிடம் பரிமாறும் பையனின் பெயரைக் குறிப்பிட்டு, "திமிர் பிடித்தவன், உடனே வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நீக்கிவிட்டதாக எழுதினால் வாடிக்கையாளர் சமாதானமாவார் என்கிறார் என் தம்பி.

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. அப்படி எழுதாதீர்கள். அந்தப் பெயரைத் தேடுபவர்களின் கண்ணில் நாளை அதுதான் படும். அவர் வேறு ஊரில் வேலை தேடினாலும் அது பின்தொடரும். தவறே செய்திருந்தாலும் அதற்கான கண்டிப்பு கடைக்குள் நடக்க வேண்டியது.

முதலில் அவரை அழைத்துத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை மதியமா, எத்தனை மேசைகளை அவர் ஒருவரே பார்த்தார், எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்பதெல்லாம் வெளியே வரும். வரும் பதிலில் பாதி உங்கள் ஆள் பற்றாக்குறையைப் பற்றியதாக இருந்தால் வியப்படைய மாட்டேன். பிறகு, பெயர் எதையும் குறிப்பிடாமல், "அன்று எங்கள் கடையில் உங்களுக்கு மரியாதைக் குறைவு நேர்ந்ததற்கு உரிமையாளராக நான் வருந்துகிறேன், கூட்ட நேரத்துக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்துகிறோம்" என்று உங்கள் பெயரில் எழுதுங்கள். பதிவிடுவதற்கு முன் அதை அந்தப் பையனிடமும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.