மரத்தடிச் சருகு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான்கு வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன். இதுதான் முதல் கடிதம். எனக்கு 27 வயது.

எங்கள் குடியிருப்புக்கு நடுவே பொது இடமாக விடப்பட்ட நிலம் ஒன்று இருக்கிறது. ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பதினைந்து இருபது பழைய மரங்கள் நிற்கின்றன. அதைச் சமப்படுத்திக் கல் பதித்து, பாதியில் வண்டிகளை நிறுத்தலாம், பாதியை விழாக்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நலச்சங்கத்தில் பேச்சு கிளம்பியிருக்கிறது. கொசு, பாம்பு, குப்பை என்று காரணம் சொல்கிறார்கள். நாங்கள் சில இளைஞர்கள் எதிர்க்கிறோம். குப்பை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஞாயிறுதோறும் நாங்களே இறங்கி, ஓர் இலை விடாமல் பெருக்கி, ஓரமாகக் குவித்துக் கொளுத்திவிடுகிறோம். இப்போது இடம் பளிச்சென்று இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டும். பசுமை வெளிகளால் நகரத்து மனிதர்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் என்ன நன்மை என்று ஒரு பட்டியல் தர முடியுமா? மனிதர்களுக்கு என்ன பயன் என்று பேசினால்தான் எடுபடும், பறவை பூச்சி என்றால் சிரிப்பார்கள் என்கிறார் நண்பர். உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
எஸ்.


அன்புள்ள எஸ்.,

வயதைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மனம் நிறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பொது நிலத்தில் இறங்கி வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதே பெரிய ஆறுதல். இரண்டாம் முறை படிக்கும்போது ‘கொளுத்திவிடுகிறோம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏறக்குறைய ஒரு மாதமாக நானும் சருகைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். மரம் நிழல் தருகிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. கல்லும் தாரும் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் அதைத் திருப்பிக் கக்குகின்றன. ஊருக்கு வெளியே இருப்பதைவிட நகரத்துக்குள் இரவு வெக்கையாக இருப்பதை லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் லண்டனில் தினமும் வெப்பமானி பார்த்துக் குறித்து, இருநூறு வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். அப்புறம், சிகாகோவில் ஒரே மாதிரிக் கட்டப்பட்ட 98 அடுக்குமாடிக் கட்டடங்களை எடுத்துக்கொண்டு குவோ, சல்லிவன் என்ற இருவர் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். சுற்றிலும் மரமும் புல்லும் இருந்த கட்டடங்களில் குற்றங்கள் குறைவாகவே பதிவாகியிருந்தன. இவையெல்லாம் தேடினால் உங்களுக்கே கிடைக்கும். கூட்டத்தில் சொல்லுங்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு, வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்பார்கள்.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். மனிதருக்கு என்ன பயன், பறவைக்கும் பூச்சிக்கும் என்ன பயன் என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார் இல்லையா? அப்படிப் பிரிக்க முடியாது என்று எனக்குக் காட்டியவர் என் அப்பா.

அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது பதினொரு நாள் மருத்துவமனையில் உடன் இருந்தேன். முதல் மூன்று நாள் கிடைத்த கட்டிலின் ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். சுவரில் ஒரு குழாய். அப்பா கண்ணை மூடியே கிடந்தார். நான்காம் நாள் கட்டில் மாறியது. புதிய ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கை மரம். இலை உதிர்க்கும் பருவம். மரத்தடியில் கணுக்கால் அளவுக்குச் சருகு.

அன்று சாயங்காலம் தவிட்டுக்குருவிகள் வந்தன. கூட்டமாகத்தான் வரும், தெரியும் இல்லையா? சருகுக்குள் அலகை நுழைத்து, இலையை ஒரு பக்கமாகத் தூக்கி எறிந்துவிட்டு, அடியில் இருப்பதைக் கொத்தும். ஒன்று கொத்தும்போது இன்னொன்று தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். அப்பா தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். மறுநாள் அவற்றை எண்ண ஆரம்பித்தார். ஏழு. அதற்கு அடுத்த நாள் எட்டு. எட்டாவது எங்கிருந்து வந்தது என்று அரை மணி நேரம் என்னிடம் பேசினார். மூன்று நாளாக ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட வாயைத் திறக்காத மனிதர்.

ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வை இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை நீக்கப்பட்டவர்களின் பத்து வருடக் குறிப்புகளைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. பிற்பாடு நான் இதைப் படித்தபோது என் அப்பாவின் இரண்டு ஜன்னல்களும் அப்படியே கண்முன் வந்தன. ஆனால் அப்பா மரத்தை மட்டுமா பார்த்தார்? மரத்தடியில் நடந்துகொண்டிருந்ததையும் சேர்த்துத்தானே பார்த்தார்?

எட்டாம் நாள் காலையில் புகை வாசனையில்தான் விழித்தேன். யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். விடியற்காலையிலேயே மரத்தடியை வழித்து எடுத்துச் சுவரோரம் குவித்துத் தீ வைத்துவிட்டார்கள். புகை வார்டுக்குள் வந்தது. இருமினால் தையல் வலிக்கும் நோயாளிகள் இருமினார்கள். பெருக்கிய அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். சொன்னதைச் செய்தார். சாயங்காலம் குருவிகள் வந்தன. வெறும் தரையில் இரண்டு தத்து தத்திவிட்டுப் பறந்துவிட்டன. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. “எங்கேடா போச்சுங்க?” என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மரம் அங்கேயேதான் நின்றது. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதனால்தான் தம்பி, உங்கள் ‘பளிச்’ என்னைக் குத்துகிறது. மரங்களைக் காப்பாற்றப் போராடுகிறீர்கள். அதே கையால் ஞாயிறுதோறும் அவற்றின் சோற்றை எரிக்கிறீர்கள். குப்பை என்ற சொல்லைச் சங்கத்தார் சொன்னார்கள், சரி. அதை நீங்கள் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? பிளாஸ்டிக் உறை குப்பை. சாப்பிட்டு எறிந்த தாள் தட்டு குப்பை. மரத்தடியில் விழுந்த இலை எப்படிக் குப்பையாகும்?

இன்னும் கொளுத்தாத குவியல் ஏதாவது இருந்தால் போய் ஒரு கை அள்ளிப் பாருங்கள். நிழலில் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். மேலே மொடமொடவென்று முழு இலைகள். புங்கையாக இருந்தால் இலையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் குடியிருந்த வீடுகள் அவை. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சி வலை மாதிரி ஆகிவிட்ட இலைகள். அதற்கும் கீழே எது இலை, எது மண் என்று சொல்ல முடியாத கறுப்புத் தூள். அதில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடும். ஊசிமுனை அளவில் ஏதோ துள்ளும். மரவட்டை சுருண்டுகொள்ளும். பழுப்பு நிறத்தில் பேரீச்சங்கொட்டை மாதிரி ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விரலால் லேசாகத் தொடுங்கள். வால் பக்கம் நெளியும். அது அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு. மேலே கிளையில் இலை தின்று வளர்ந்த புழுக்களில் பல வகை, பருவம் வந்ததும் கீழே இறங்கிச் சருகிலோ மண்ணிலோதான் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். மின்மினியும் அப்படித்தான். நாம் பார்க்கிற வெளிச்சம் சில வாரங்கள். அதற்கு முன்னால் பல மாதங்கள், சில வகைகள் ஒன்றிரண்டு வருடங்கள்கூட, புழுவாக ஈர மண்ணிலும் சருகிலும் நத்தைகளைத் தின்று வாழ்கிறது. மின்மினியைக் காணோம் என்று வருத்தப்படுகிறவர்களில் எத்தனை பேர் சருகுக்குத் தீ வைக்கிறார்கள் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. நீங்கள் வைக்கிற தீயில் இதெல்லாம் சேர்ந்துதான் எரிகிறது.

புழுவுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். வட அமெரிக்காவில் சிக்கடி என்று ஒரு சின்னக் குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. அது ஒரு கூட்டுக் குஞ்சுகளைப் பறக்கும்வரை வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் அந்தக் குருவியைத் தொடர்ந்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட வெளிநாட்டுச் செடிகள் மிகுந்த தோட்டங்களில் குஞ்சுகள் குறைவாகவே தேறின. பச்சைக்குக் குறைவில்லை, புழுதான் இல்லை. தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது. புழு பிழைக்காத இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தும் மரப்பெட்டி மாட்டியும் குருவிக்காகக் காத்திருப்பதில் பலனில்லை.

டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். 1881இல் வெளிவந்தது. மறுவருடம் இறந்துபோனார். மண்புழுவைப் பற்றிய முதல் கட்டுரையை அவர் வாசித்தது 1837இல். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த எண்ணம் அவரை விடவில்லை. வீட்டுக்குள் மண்சட்டிகளில் புழுக்களை வளர்த்து, ராத்திரி மங்கிய விளக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இலையை வளைக்குள் இழுக்கும்போது எந்தப் பக்கத்தைப் பிடித்தால் சுலபமாக நுழையுமோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான் புழு பிடிக்கிறது என்று எழுதினார். ஓர் ஏக்கரில் வருடத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணைப் புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று கணக்குப் போட்டார். உங்கள் நிலம் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். அங்கே புழு இழுப்பதற்கு ஓர் இலையை விட்டுவைத்திருக்கிறீர்களா?

மழையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெறும் தரையில் மழைத்துளி அடித்தால் மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டிவிடும். தண்ணீர் இறங்காமல் வழிந்தோடித் தெருவில் நிற்கும். சருகு மூடிய தரையில் அடி இலையில் விழுகிறது. தண்ணீர் மெதுவாகக் கசிந்து, புழு போட்ட துளைகள் வழியே கீழே போகிறது. மழைக்குத் தெரு மூழ்குகிறது என்று சங்கத்தில் யாராவது புலம்பியிருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். எரித்தால் இலையில் இருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். நுரையீரலின் ஆழம்வரை போகிற நுண்துகள் புகையில் வரும். உங்கள் குடியிருப்பில் கைக்குழந்தைகள் இருக்குமே, ஆஸ்துமாக்காரர்கள் இருப்பார்களே. யாராவது ஜன்னலைச் சாத்தியதை நீங்கள் கவனித்ததுண்டா?

கொசு சருகில் பெருகாது, தேங்கிய தண்ணீரில் பெருகும். கொட்டாங்கச்சி, டயர், அடைத்த சாக்கடை, இவற்றைப் பாருங்கள். பாம்பு எலியைத் தேடி வரும், எலி சாப்பாட்டு மிச்சத்தைத் தேடி வரும். நடைபாதையையும் குழந்தைகள் விளையாடுகிற இடத்தையும் வீட்டுச் சுவரோரங்களையும் சுத்தமாக வையுங்கள். அங்கே பெருக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருக்கியதை மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் தள்ளி. சுற்றிலும் கல்லை ஒரு வரிசை அடுக்கிவிட்டால் காற்றில் பறக்காது. பார்க்கிறவர்களுக்கும் வேண்டுமென்றே விட்டது என்று புரியும். இந்த இரண்டு பயத்துக்கும் இவ்வளவு போதும்.

அப்பா வீட்டுக்கு வந்து மேலும் இரண்டு வருடம் இருந்தார். வந்த முதல் வாரமே எங்கள் வீட்டு மரத்தடியில் விளக்குமாறு படக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அம்மா முணுமுணுத்தாள். அக்கம்பக்கத்தில் சாடைபேசினார்கள். அவர் அசையவில்லை. வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரைச் சருகின்மேல் தெளிப்பார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் இறந்த அதே மாதத்தில் அந்த மரத்தடியை நான் கிளறிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு மண். கையில் எடுத்தால் மழை வாசனை வந்தது. விரலிடுக்கில் ஒரு கூட்டுப்புழு நெளிந்தது. அதை இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு வந்தேன். இப்போதும் அங்கே நாங்கள் பெருக்குவதில்லை.

கூட்டத்தில் என்ன பேசுவது என்றுதானே கேட்டீர்கள்? பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள். நீங்கள் பெருக்கிய இடத்து மண் ஒரு கை ஒன்றில், வேலியோரமாக விளக்குமாறு எட்டாத மூலையிலிருந்து சருகோடு ஒரு கை மற்றதில். மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். குழந்தைகளை முன்னால் நிற்கவிடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் நண்பர்களைக் கூப்பிட்டு இந்த ஞாயிறு கொளுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கூட்டம் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. தேதியைத் தெரியப்படுத்துங்கள். முடிந்தால் நானும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்.